கத்திரி கொண்டுவரும் குளிர்காலம்

மம்சாபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கண்ணை நிறைப்பது மலைத்தொடர்தான். வருசநாட்டையும் மேகமலையையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே மாவும் தென்னையும். அங்கே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது மனிதர் தந்த பட்டம். படைத்தவன் அந்தக் கொடிக்குள் வைத்திருப்பது அதைவிடப் பெரிது.

குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் பனிக்கு எங்கே போவது? விவசாயி கவாத்துக் கத்திரியோடு பந்தலுக்குள் நுழைகிறார். அவர் வெட்டி மொட்டையாக்கிய கொடி, குளிர்காலம் வந்துபோனதாகவே எண்ணித் துளிர்க்கிறது. ஏறக்குறைய 4 மாதத்தில் குலை அறுவடைக்கு வந்துவிடும். ஒருவர் தோட்டம் பூக்கும்போது அடுத்தவர் தோட்டம் பழுப்பதால் அங்கே ஆண்டெல்லாம் பழம்.

இன்னொரு விந்தை. பற்றிப் படரும் சுருளும் பூங்கொத்தும் ஒரே குருத்தின் இரு பிள்ளைகள். மொட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாத பருவத்திலேயே அது தீர்மானமாகிவிடுகிறது: வெயிலும் வெப்பமும் போதுமென்றால் பூ, நிழலென்றால் வெறும் சுருள். சுவரோர நிழலில் கொடியை ஏற்றிவிட்டு, "இலைதான் வருது, காயைக் காணோம்" என்று சலிப்பவர்கள் கொடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

காய் விதை முற்றும்வரை கல்லாக, கடும் புளிப்பாகக் கிடக்கும், பறவைகள் சீண்டா. விதை முற்றியதும் தோல் இளகுகிறது, நிறம் ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரை குலைக்குள் பாய்கிறது. விதையைச் சுமந்து செல்லப் பறவைக்குத் தரும் கூலி அந்த இனிப்பு. யார் வகுத்த ஒப்பந்தமோ! தோலின் மேல் படியும் வெண்பூச்சும் ஈரம் காக்கக் கொடியே பூசிக்கொண்ட மெழுகு. மருந்தும் தெளித்திருப்பார்கள் என்பதால் கழுவித்தான் தின்ன வேண்டும்.

கடையில் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வாழையைப் போல வீட்டில் வைத்துத் திராட்சையைப் பழுக்கவைக்க முடியாது. கொடியை விட்டதோடு இனிப்பு ஏறுவது நின்றுவிடும். கொடியிலேயே பழுத்த குலையாக, காம்பு பச்சையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.