மறதியா? மருள வேண்டாம்!

அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. சாவி வைத்த இடம் தெரியவில்லை. பழகியவரின் பெயர்கூட நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. 45 வயதைத் தாண்டிய பெண்கள் பலர், மறதி நோய் வந்துவிட்டதோ என்று உள்ளுக்குள் அஞ்சுகின்றனர். வீட்டிலோ கேலிதான்.

பெண்ணின் மூளை வாழ்நாள் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முதன்முறை தாயான 25 பெண்களைக் கருவுறுவதற்கு முன்னும் பின்னும் ஆராய்ந்த ஸ்பெயின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. பிறர் மனமறியும் ஆற்றலுக்குரிய பகுதிகளில் மூளையின் சாம்பல்நிறத் திசு குறைந்திருந்தது. ஆனால் நினைவாற்றல் குறையவில்லை! பிள்ளையைப் பேணுவதற்கு மூளை தன்னைச் செதுக்கிக்கொள்கிறது என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் மாற்றம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கி, பின்னர் குறைகிறது. உடல் வெப்பமும் தூக்கமின்மையும் சேர, கவனம் சிதறுகிறது. 2,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. மாற்றம் நிகழும் ஆண்டுகளில் மந்தமான கற்கும் திறன், மாதவிடாய் நின்றபின் பழைய நிலைக்குத் திரும்பியது.

நல்ல உறக்கம், தினசரி நடைப்பயிற்சி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை துணைபுரியும். ஹார்மோன் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். பழகிய பாதையே மறந்தாலோ, அன்றாடக் கணக்கு தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவரைக் காண்பது அவசியம்.

வீட்டாருக்கும் பங்குண்டு. கேலியை விட்டு, “அம்மா, ராத்திரி நல்லா தூங்கினீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள்.