பதிவேடுகளுக்கு ஒரு கிடங்கு

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கணினித் துறையில் இருக்கிறார்கள். "லாக் வைக்க இடமில்லை" என்று நள்ளிரவில் அவர்களுக்கு அழைப்பு வருவதைப் பெற்றோர் பார்த்திருப்பீர்கள். அது என்னவென்று எளிமையாகச் சொல்கிறேன்.

ரயில் நிலையத்தில் எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்று ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். விபத்து நேர்ந்தால் விசாரணைக்கு அதுவே ஆதாரம். கணினி நிரல்களும் தாம் செய்ததை எல்லாம் இப்படி எழுதிவைக்கின்றன. அதுதான் லாக்.

இன்று பெரிய நிறுவனங்களின் நிரல்கள் 'கன்டெய்னர்' என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓடுகின்றன. கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்னெட்டிஸ் போன்ற மென்பொருள் இவற்றை மேய்க்கிறது. பண்டிகைக் கூட்டத்துக்குக் கூடுதல் கோச் இணைப்பதுபோல், வேலை அதிகமானால் பெட்டிகளைக் கூட்டும், குறைந்தால் நீக்கும். நீக்கிய பெட்டியோடு அதற்குள் எழுதிய பதிவும் அழிந்துவிடும். ஆகவே பதிவுகளை உடனுக்குடன் வெளியே அனுப்பிச் சேமிக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற இடம் 'ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்'. இது க்ளோக் ரூம் மாதிரி. பெட்டியை ஒப்படைத்தால் ரசீது. ரசீதைக் காட்டினால் பெட்டி. உள்ளே ஒரு சட்டையை மட்டும் மாற்றிவைக்க வழியில்லை. பதிவுகளைத் திருத்தும் தேவை இல்லாததால் இம்முறை பொருந்துகிறது. அமேசான் 2006-ல் தொடங்கிய எஸ்3 இவ்வகையே. சொந்த இடத்தில் வைத்துக்கொள்ள 'ஸெஃப்' என்ற மென்பொருள் உண்டு.

எவ்வளவு இடம் வேண்டும்? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். நாளுக்கு 20 ஜிகாபைட் என்று கொண்டால் 3,600 ஜிகாபைட். ஸெஃப் வழக்கமாக 3 பிரதிகள் வைக்கும், ஆகவே 10,800. வட்டு 85 சதவீதம் நிரம்பியதுமே அது எச்சரிக்கும் என்பதால் சுமார் 12,700 வேண்டும். பதிவுகளைச் சுருக்கி வைத்தால் இது நன்றாகக் குறையும்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பக்கூடாது. பாலம் கட்டும்போது சாதாரண மழையை அல்ல, பெருவெள்ளத்தையே கணக்கில் கொள்வோம். கோளாறு நேரும் நாளில் நிரல்கள் பிழைச்செய்திகளை மளமளவென்று எழுதித் தள்ளும். பதிவு பல மடங்காகும். இடம் போதாமல் அன்றைய பதிவு தவறினால் காரணத்தைக் கண்டுபிடிக்க வழியிராது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கிடங்கு, கன்டெய்னர்கள் ஓடும் அதே இயந்திரங்களில் இருக்கக்கூடாது. அவை விழுந்தால் ஆதாரமும் விழும். கெடு முடியும்வரை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி எஸ்3-ல் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும். ஊடுருவும் திருடன் தன் தடயத்தை அழிக்கவே பார்ப்பான்.

வங்கிக் கணக்கும் பயணச்சீட்டும் கணினிக்குள் போய்விட்ட காலம் இது. நம் பணம் எங்கே போயிற்று என்று ஒருநாள் கேட்க நேர்ந்தால், பதில் அந்தக் கிடங்கில்தான் இருக்கும். பிள்ளைகள் இரவில் கண்விழிப்பது அதற்காகவும்தான்.