பனிமலைப் பயணமும் பாதணித் தேர்வும்

‘செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவதா?’ என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. நமக்கு அது வெறும் பழமொழி. பனிமலை ஏறுவோர்க்கோ அது நேரே நிகழக்கூடிய உண்மை. 1950ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா சிகரத்தில் ஹெர்சாக், லாஷெனால் என்னும் பிரெஞ்சு வீரர் இருவர் முதன்முதலாகக் கால் பதித்தனர். அவர்கள் அணிந்திருந்தவை தோல் பூட்ஸ்கள். குளிர் அவற்றைக் கடந்து உள்ளே புகுந்தது. வெற்றியுடன் திரும்பிய இருவரும் தம் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தனர்.

இதனை இங்கே எழுதக் காரணம் உண்டு. தேசிய மாணவர் படையின் வழியாகவும் பிற வழிகளிலும் நம்மைப் போன்ற மாணவர்கள் இமயத்துக்குச் செல்கின்றனர். டார்ஜிலிங்கில் 1954லும், உத்தரகாசியில் 1965லும் தோன்றிய மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் இன்றும் இளைஞர்களை வரவேற்கின்றன. நான் தோலுக்குப் பெயர்பெற்ற மேல்விஷாரத்துக்காரன் என்பதால், “எந்த பூட்ஸ் வாங்கலாம்?” என்று நண்பர்கள் என்னைக் கேட்பது வழக்கம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கு முறைப்படுத்திச் சொல்கிறேன்.

முதற்கேள்வி, எந்த மலைக்குச் செல்கிறோம் என்பதே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் நல்ல ரப்பர் அடியுள்ள இலேசான காலணி போதும். இமயத்தில் நாலாயிரம் மீட்டர் வரையுள்ள நடைபாதைகளுக்குக் கணுக்காலை மூடும், நீர் புகாத பூட்ஸ் வேண்டும். ஆறாயிரம் மீட்டருக்கு மேலே, கடல் மட்டத்தைவிடச் சுமார் 39 டிகிரி குளிர் மிகும். அங்கே வேண்டுவது இரட்டை பூட்ஸ். உள்ளுறையைத் தனியே கழற்றி, இரவில் தூங்கும் பைக்குள் வைத்து உலர்த்திக்கொள்ளலாம். இதன் அருமையை 1953 மே 29ஆம் நாள் காலை உணர்த்தியது. எவரெஸ்டின் கடைசி முகாமில் ஹிலாரியின் பூட்ஸ் கல்லாய் உறைந்துவிட்டது. அதனை அடுப்பில் காட்டி இளக்கிய பிறகே அவரும் டென்சிங்கும் சிகரம் நோக்கிப் புறப்பட முடிந்தது.

இரண்டாவது, அளவு. இதுவே தலையாயது. நடந்து களைத்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஆதலால் மாலையிலேயே கடைக்குச் செல்லுங்கள். மலையில் அணியப்போகும் கம்பளிக் காலுறையையும் கையோடு கொண்டுபோங்கள். கயிற்றைக் கட்டாமல் விரல்கள் முன்னே முட்டும்படி காலைத் தள்ளினால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். கயிற்றை இறுகக் கட்டி மாடிப்படி ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது. தூக்கினால் கொப்புளம் நிச்சயம். இறங்கும்போது விரல் நுனி முட்டக் கூடாது. முட்டினால் நகம் கறுத்துவிடும். குளிருக்கு அஞ்சி இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்போர் உண்டு. அது தவறு. காலுக்குச் சூடு தருவது இரத்த ஓட்டமே. அதை நெரித்துவிட்டால் எத்தனை கம்பளி சுற்றியும் பயனில்லை. பயிற்சி நிலையமே பூட்ஸ் தரும் இடத்திலும் இச்சோதனைகளைச் செய்யத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, தோல். மாட்டுத்தோலில் மயிர் முளைக்கும் மேற்புறத்தில் நார்கள் நெருங்கிப் பின்னியிருக்கும்; அடிப்புறத்தில் தளர்ந்திருக்கும். தடித்த தோலை எந்திரத்தில் இரண்டாகப் பிளக்கிறார்கள். மேலேடு உறுதியானது, நீரை எளிதில் விடாது. ‘ஸ்பிளிட்’ எனப்படும் கீழேட்டுக்கும் மேலே பூச்சுக் கொடுத்துப் பளபளப்பாக்கி விடலாம். பளபளப்பைக் கண்டு மயங்காமல், வெட்டு விளிம்பைப் பாருங்கள். மேலே தனிப் படலம் ஒட்டியிருந்தால் அது பூச்சு. தையல் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தையலும் நீர் புகும் வழி. நனைந்த பூட்ஸை நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் சுருங்கி விறைக்கும், பசையும் விடும். ஹிலாரி செய்தது வேறு வழியின்றிச் செய்தது.

நான்காவது, அடிப்பாகம். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தம் தோழர் அறுவரைப் பறிகொடுத்த விட்டாலே பிராமணி, தக்க காலணி இல்லாமையே அதற்கு ஒரு காரணம் என்று உணர்ந்தார். பாறையைப் பற்றும் ஆழ்ந்த வரிப்பள்ளங்களுடைய ரப்பர் அடியை 1937இல் அவர் உருவாக்கினார். ‘விப்ரம்’ என்னும் பெயர் அவர் பெயரின் சுருக்கமே. நடைபாதைக்கு அடிப்பாகம் சிறிது வளையலாம். பனியில் இரும்பு முட்கள் பூட்டி ஏற வேண்டுமெனில், அது வளையாமல் விறைத்து நிற்க வேண்டும்.

எதை வாங்கினாலும் புதிதாகவே இமயத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஒரு மாதம் அணிந்து பழகுங்கள். ஏலகிரியில் சுவாமிமலை ஏறும் பாதையில் சுமையுடன் ஏறி இறங்கிப் பாருங்கள். குறையெதுவும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. அடிப்பாகம் தேய்ந்தால் மாற்றித் தைக்கக்கூடிய பூட்ஸையே நாடுங்கள். தோல் பதனிட்ட கழிவால் நம் பாலாறும் கிணறுகளும் பட்ட பாட்டினை உச்ச நீதிமன்றமே 1996இல் எடுத்துரைத்தது. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற தோலை ஓராண்டில் எறிவது தகாது.

கடைக்காரர் விலையைச் சொல்வார். விளம்பரம் பெயரைச் சொல்லும். பொருத்தத்தைச் சொல்லக்கூடியது உங்கள் கால் ஒன்றே. அதன் சொல்லைக் கேட்டு வாங்குங்கள். பத்து விரல்களோடும் திரும்பி வாருங்கள்.