அதுவும் இரும்புதானே?

"எஸ்டிமேட்ல போட்ட வார்ப்பிரும்பு மூடி கிடைக்கலீங்க. எம்.எஸ். பட்டையில அடிச்சுத் தர்றேன், அதுவும் இரும்புதானே?" சேலத்துக்கு மேலே இருக்கும் மஞ்சக்குட்டை மாதிரி மலையூரில் வடிகால் வேலை எடுத்த காண்ட்ராக்டர் இப்படிக் கேட்டால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். டீ ஆறுவதற்குள் கணக்குப் பார்த்துவிடலாம்.

பளு மீறினால் சாதா வார்ப்பிரும்பு பட்டென்று உடையும். எம்.எஸ். என்கிற மென் எஃகு முதலில் வளைந்து காட்டும். ஆக, மாற்றுப் பொருள் என்றாலே மட்டம் என்றில்லை. வம்பு அளவில்தான் இருக்கிறது. 50 மி.மீ. உயரம், 6 மி.மீ. கனமுள்ள பட்டை கேட்ட இடத்தில் 40-க்கு 5 வருகிறது என்று வையுங்கள். எடை மூன்றில் ஒரு பங்குதான் குறையும். தாங்கும் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, பிறகு கனத்தால் பெருக்கிப் பாருங்கள்: 15,000 எங்கே, 8,000 எங்கே! காப்பி மூட்டை லாரியும் சுற்றுலா பஸ்ஸும் ஏறும் பாதையில் இது விளையாட்டில்லை. ஐரோப்பிய இ.என். 124 தரத்தில் பி125 என்றால் 12.5 டன் சோதனைப் பளு, டி400 என்றால் 40 டன். எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

பட்டைகள் வடிகாலின் குறுகிய அகலத்தைத் தாண்டி, இரு முனையும் சட்டத்தில் உட்கார வேண்டும். சாலையைக் குறுக்கே வெட்டும் வடிகாலில் அப்படி வைத்தால் இடைவெளி வண்டி போகும் திசையிலேயே அமையும்; அகலமாக இருந்தால் சைக்கிள் சக்கரம் இறங்கிவிடும். ரொம்பக் குறுக்கினாலோ, ஒரு மழைக்கே சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொள்ளும். குறுக்குக் கம்பி கொடுத்து இரண்டையும் சமாளிக்கலாம், வரைபடத்தில் இருந்தால்.

துரு விஷயத்தில் ஏமாறுவது சுலபம். வெல்டிங் முடிந்த பிறகே உருக்கிய துத்தநாகத்தில் முக்க வேண்டும், ஏற்கெனவே துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பட்டையை வாங்கிப் பற்றவைத்தால் பற்றிய இடத்தில் பூச்சு எரிந்துபோகும். மேலே சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டால் தூரத்திலிருந்து எல்லாம் ஒன்றுதான். கீழே சேலம் உருக்காலை இருக்கிறதே, எவர்சில்வரிலேயே போடலாமே என்பவர்களும் உண்டு. அதை ஜி.ஐ. சட்டத்தில் உட்காரவைத்தால் ஈரத்தில் சட்டத்தின் துத்தநாகம் சீக்கிரம் கரையும். ராத்திரியோடு மூடி காணாமல் போவது தனிக் கதை.

இணையானது என்று காட்டவேண்டியவர் மாற்றைக் கேட்பவர்தான். வரைபடம், ஒரு மூடியின் எடை, சோதனைச் சான்று, விலை வித்தியாசம் எல்லாம் பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வரட்டும். பொருள் மலிந்தால் பில்லும் குறைய வேண்டும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.