தோள் மாற்றும் கிலோமீட்டர்

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் மீட்டர் ஒருநாள் அப்படியே இருண்டுவிட்டதாம். மெக்கானிக் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்து, அதே மாடலின் பழைய மீட்டர் ஒன்றை வரவழைத்து மாட்டினார். விளக்கு எரிகிறது, முள்ளும் நகர்கிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆன இரண்டாம் நொடியே நின்றுபோகிறது. போதாததற்கு, 68,000 ஓடிய கார் இப்போது 1,41,000 என்று காட்டுகிறது. “மீட்டருக்கும் என்ஜினுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று கேட்கிறார்.

கேபிள் மீட்டர் காலத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓட்டோ ஷூல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற ஸ்பீடோமீட்டரில் இருந்தவை சுழலும் காந்தம், அதைத் தொடாமல் கூடவே இழுபடும் உலோகக் கிண்ணம், ஒரு சுருள்வில், அவ்வளவுதான். அம்பாசடரில் ஓடியதும் அதே தத்துவம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

இன்றைய மீட்டர் ஒரு கம்ப்யூட்டர். சக்கரம் சுற்றும் வேகம், என்ஜின் சூடு எல்லாம் ‘கேன் பஸ்’ என்ற இரட்டை ஒயரில் செய்தியாக வந்து சேர்கின்றன. போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. செய்தியைப் படித்து முள்ளைத் திருப்புவது குட்டி ஸ்டெப்பர் மோட்டார். சில கார்களில், குறிப்பாக ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் பல மாடல்களில், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் மீட்டருக்குள்ளேயே குடியிருக்கிறது. சாவியின் தலைக்குள் இருக்கும் சிப், மீட்டர், என்ஜின் கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் என்ஜின் தொடர்ந்து ஓடும். வாசகரின் சாவியை வேறொரு காரின் மீட்டருக்கு எப்படித் தெரியும்? இரண்டு நொடியில் நிறுத்திவிட்டது. அது பழுதல்ல, காவல்.

இனி அந்த 1,41,000. மீட்டரைப் பிரித்தால் பச்சை போர்டில் எட்டுக் கால் வைத்த ஒரு சிப் இருக்கும், நீளம் ஐந்து மில்லிமீட்டர். பெயர் ஈப்ராம். பேட்டரியைக் கழற்றினாலும் மறக்காது. இத்தகைய சிப்புகள் பலவற்றின் கொள்ளளவு 256 பைட்தான். இந்தப் பத்தியின் பாதியைக்கூட அதில் எழுதி வைக்க முடியாது. காரின் ஆயுட்கணக்கு முழுவதும் இருப்பது அதற்குள். வாசகர் பார்த்த 1,41,000 அந்த மீட்டர் முன்பு இருந்த காரின் கணக்கு.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஈப்ராமில் ஒரே இடத்தில் அழித்து அழித்து எழுதினால் அந்த இடம் தேய்ந்துவிடும். சில சிப்புகள் லட்சம் தடவை தாங்கும், சில பத்து லட்சம். கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுதினாலே இரண்டு லட்சம் ஓடிய வண்டி இரண்டு லட்சம் தடவை எழுதியிருக்கும். என்ன செய்தார்கள்? கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும். ஒரு வகையில், கணக்கைப் பதினாறு இடங்களில் பிரித்து வைக்கிறார்கள். முதல் கிலோமீட்டருக்கு முதல் இடத்தில் ஒன்று கூடும், அடுத்ததற்கு இரண்டாம் இடத்தில். பதினாறு முடிந்ததும் மறுபடி முதலிடம். பதினாறையும் கூட்டினால் ஓடிய தூரம் வந்துவிடும்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மணலில் தூக்கி வருகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டே வருவார்கள். பாரம் குறையாது, ஒரே தோள் புண்ணாகவும் விடமாட்டார்கள். 1,60,000 கிலோமீட்டர் ஓடிய காரில் ஒவ்வோர் இடமும் எழுதப்பட்டது பத்தாயிரம் தடவைதான். இதில் இன்னொரு நயமும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அறுந்து ஓர் இடம் கெட்டுப்போனாலும், மற்ற பதினைந்தையும் பார்த்து அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம். ஐந்து மில்லிமீட்டருக்குள் இவ்வளவு முன்யோசனை!

இத்தனை அக்கறையோடு காத்துவைத்த கணக்கைத்தான் லேப்டாப்பைச் செருகிக் கொஞ்ச நேரத்தில் குறைத்துக் கொடுக்கிறார்கள். ‘எல்லாரும் செய்யறதுதானே’ என்று சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது என்று வாங்கியவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். 60,000 என்று நம்பி ஓட்டும்போது அறுந்தால் என்ஜின் போச்சு. குறைத்து விற்பது மோசடி; பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அதற்குப் பொருந்தும். அமெரிக்காவில் 1972-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே மீட்டரை மாற்றி, பழைய எண்ணையே வைக்க முடியாமல் போனால், பூஜ்யத்தில் தொடங்கி, முந்தைய எண்ணையும் தேதியையும் இடது கதவுச் சட்டத்தில் ஒட்டியாக வேண்டும். நம் ஆர்.சி.யில் கிலோமீட்டருக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கிலோமீட்டரை விட்டாலும், மாற்றிய மீட்டருக்குக் கோடிங் செய்து சொல்லிக்கொடுக்க வேண்டியவை நிறைய: டீசலா பெட்ரோலா, டேங்க் எத்தனை லிட்டர், எந்த டயர், ஏ.பி.எஸ். உண்டா. எல்லாவற்றிலும் ஆபத்தானது ஏர்பேக் விளக்கு. ஏர்பேக் வெடித்துப்போன காரில் புதிது போடாமல், மீட்டரில் அந்த விளக்கை மட்டும் அணைத்து விற்கும் பாவமும் நடக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அந்தக் காரை வாங்காதீர்கள். 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால் ‘இந்த மாடலில் இல்லை சார்’ என்ற பதிலும் செல்லாது.

கடிதம் எழுதியவருக்கு: உங்கள் காரில் முதலில் இருந்த மீட்டரைத் தூக்கி எறியாதீர்கள். உப்புக் காற்று வீசும் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், எர்த், கனெக்டர். பின்களில் களிம்பு ஏறியிருந்தாலோ சால்டரிங் விட்டிருந்தாலோ அதைச் சரிசெய்தாலே போதும். கோடிங்கே வேண்டாம், சாவியும் கணக்கும் உள்ளேயே பத்திரமாக இருக்கின்றன. போர்டு முற்றிலும் போய்விட்டது என்றால், பார்ட் நம்பர் அச்சாக ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பழைய ஈப்ராமில் உள்ளதைப் படித்துப் புதியதில் ஏற்றத் தெரிந்த எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். பல மாடல்களில் கிலோமீட்டரும் சாவி அடையாளமும் அந்தச் சிப்போடு வந்துவிடும். சிலவற்றில் சாவி ரகசியம் பிராசஸருக்குள் இருக்கும். அதற்குத் தனி ஸ்கேனர் வேண்டும். வேலை முடிந்ததும் பில்லில் மூன்று விவரம் எழுதி வாங்குங்கள்: மாற்றிய தேதி, பழைய மீட்டரின் 68,000, வந்த மீட்டர் காட்டிய 1,41,000. அந்தப் பில்லை ஆர்.சி.யோடு வைத்திருந்து, காரை விற்கும்போது வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.