நாலு பவர் சப்ளை இருந்தும் சர்வர் ஏன் படுக்குது?

இன்டர்ன்ஷிப் போற இடத்துல டேட்டா சென்டரைச் சுத்திக் காட்டினா, பிளேடு சேசிஸ் ஒண்ணு கண்ணுல படலாம். சிஸ்கோவின் யூசிஎஸ் 5108-ஐ எடுத்துக்குவோம். எட்டு பிளேடுகள், அதுக்குக் கீழே வரிசையா நாலு பவர் சப்ளை, ஒவ்வொன்றும் 2500 வாட். நாலுலயும் பச்சை விளக்கு. 'நாலு இருக்கே, ஒண்ணு போனா என்ன?' என்று தோணும். போறது ஒண்ணு மட்டும்தானா என்பதுதான் கேள்வி.

இதன் மேலாண்மை மென்பொருளில் பவர் பாலிசிக்கு மூணு தேர்வு உண்டு. முதலாவது, உபரியே வேண்டாம் என்பது. அதை விட்டுடுவோம். அடுத்தது என்+1: தேவைக்கு மேல் ஒண்ணு கூடுதல். மூன்றாவது கிரிட்: இரண்டு பவர் சப்ளை ஒரு மின்வழியில், மற்ற இரண்டு வேறொரு மின்வழியில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. சேசிஸ் 6000 வாட் இழுக்குதுன்னு வைங்க. நாலும் பகிர்ந்தா ஆளுக்கு 1500. ஒண்ணு எரிஞ்சா மிச்ச மூணும் 7500 வரை தரும், யாருக்கும் எதுவும் தெரியாது. என்+1 வாக்கைக் காப்பாத்திடுச்சு. ஆனா எரிஞ்சது பவர் சப்ளை இல்லாம, அதுல ரெண்டுக்குக் கரண்ட் கொடுக்கிற யூபிஎஸ்ஸா இருந்தா? மிச்சம் 5000. ஆயிரம் வாட் துண்டு விழுது. பிளேடுகளோட வேகத்தை உடனே குறைக்கணும், முடியலைன்னா பிளேடுகள் அணையும்.

அதனால கிரிட் முறையில், 10,000 வாட்டுக்குக் காசு கொடுத்திருந்தாலும் உங்க கையில இருக்கிறது 5000தான். சாதாரண நாளில் எந்தப் பவர் சப்ளையும் பாதி லோடைத் தாண்டக் கூடாது. 60 சதவீதத்தில் நாலும் பச்சையாவே எரியும், அதுதான் ஆபத்து.

மென்பொருளில் கிரிட்டைத் தேர்ந்தெடுத்தா மட்டும் போதாது. 1, 2 ஒரு வழி, 3, 4 மறு வழின்னு அது நம்பிக்கிட்டிருக்கும், அவ்வளவுதான். பின்னாடி நாலு கேபிளும் ஒரே பிடியூவில், அதாவது ரேக்கில் இருக்கிற அந்தப் பெரிய எக்ஸ்டென்ஷன் போர்டில், செருகியிருந்தா அதுக்குத் தெரியாது. ஒரே ட்ரான்ஸ்ஃபார்மரை நம்பி கிணத்துல ரெண்டு மோட்டார் போட்ட கதைதான்.

கேபிள் சரியா இருந்தாலும் பிரேக்கரைப் பாருங்க. 4600 வாட் லோடுன்னா 230 வோல்ட்டில் 20 ஆம்பியர், பக்கத்துக்கு 10. ரெண்டு பக்கமும் 16 ஆம்பியர் பிரேக்கர், நிம்மதியா ஓடும். ஒரு பக்கம் போன நொடியில் மொத்த 20-உம் மறுபக்கம் ஏறும். பிரேக்கர் எப்போ விழும்னு அதுக்கப்புறம் உத்தரவாதம் இல்லை. பவர் சப்ளைகளுக்கு ஒண்ணும் ஆகலை, ஆனாலும் சேசிஸ் படுத்துடும்.

இதையெல்லாம் தாளில் மட்டும் சரிபார்க்க முடியாது. பராமரிப்பு நேரம் கேட்டு வாங்கி, பயனர்களுக்குச் சொல்லிட்டு, ஒரு பக்க மின்வழியை நிஜமாவே அணைச்சுப் பார்க்கணும். பிறகு மறுபக்கம். புதுசா ரெண்டு பிளேடு செருகினா, கணக்கு மறுபடி முதல்லேர்ந்து.