காளத்தித் துணியும் கட்டியக்காரன் குரலும்

நம் சித்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் நடக்கும்போது இரவுக் கூத்துக்குப் போய் உட்கார்ந்த அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் வேடக்காரர் கையில் ஒரு நோட்டை வைப்பார். பாட்டு நிற்கும். கட்டியக்காரன் கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் உரக்கச் சொல்லி, அவர் குடும்பம் நன்றாயிருக்க வேண்டும் என்று வாழ்த்துவான். பிறகுதான் பாஞ்சாலி மறுபடி அழத் தொடங்குவாள்.

நகரத்து நண்பர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். கதையின் ஓட்டம் கெடுகிறதாம். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ரெயில்வேயில் பாதை வேலைக்கு அளவுப் புத்தகம் எழுதியே தலை நரைத்தவன் நான். வேலை நடந்த இடத்திலேயே, எல்லோர் கண் முன்னாலும், கொடுத்தவர் பெயரோடு பதிவாகும் கணக்கு இது. ஊர் கொடுக்கும் தொகை தாம்பூலத்தோடு முன்பணமாகப் பேசி முடிப்பது. அது ஊருக்கும் ஜமா வாத்தியாருக்கும் உள்ள ஒப்பந்தம். நடுவில் வரும் இந்த அன்பளிப்போ, பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் நேரே ஏற்படும் உறவு. அடுத்த ஆண்டு அதே ஆள், "அந்தத் துரியோதனன் வருகிறாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பாய் விரிப்பார்.

அதே பாரதக் கதையை, ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் போகும் பாதையில் உள்ள காளஹஸ்தியில் துணியில் எழுதுகிறார்கள். (2022 முதல் அவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது.) கலம்காரி என்றால் சேலைக் கடைக்காரர்கள் பல தினுசுகளைக் காட்டுவார்கள். மசூலிப்பட்டினம் பக்கத்தில் அச்சுக்கட்டையால் பதிப்பது ஒன்று. காளஹஸ்தியில் மூங்கில் குச்சி நுனியில் துணியும் நூலும் சுற்றி, அந்தக் கலத்தால் கையாலேயே கோடு போடுவது இன்னொன்று. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி.

பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை கசிந்து பரவுவதில்லை. கறுப்புக்கு இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைக்க வேண்டும். அந்த இரும்பு நீர் துணியிலுள்ள கடுக்காயைத் தொட்டவுடன் கருக்கிறது. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம் தடவி, ஓடும் நீரில் அலசி, சாயவேரோடு கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி அலசல், மறுபடி உலர்த்தல். நம் பெரியவர்கள் பொன்முகலி என்று சொல்லும் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இந்தத் தொழில் வளர்ந்தது சும்மா அல்ல. தண்ணீர்தான் இதற்கு முதல் மூலப்பொருள்.

கோயில் திரைச்சீலைகளுக்கு ஆதரவு குறைந்து, தொழில் அழியும் தறுவாயில் இருந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாயரின் முயற்சியால் 1950களின் கடைசியில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. அவ்வூர் ஜொன்னலகட்டா குருப்ப செட்டிக்கு 2008ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனால் விருது பெறாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுதிய துணி வியாபாரி கைக்குப் போய், பெரிய நகரத்துக் கடையில் தொங்கும்போது எழுதியவர் பெயர் அதில் இருப்பதில்லை. வாங்குபவருக்கு எழுதியவரைத் தெரியாது. எழுதியவருக்கும் தம் ராமர் எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறார் என்று தெரியாது. வியாபாரியை நான் வில்லனாக்கவில்லை. விற்காத மாதங்களிலும் முன்பணம் கொடுத்து அடுப்பெரிய வைப்பவர் பெரும்பாலும் அவர்தான். கட்டியக்காரன் குரல் ஒன்றுதான் அங்கே இல்லை.

2008ல் கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு கலைஞனுக்கு லட்சக்கணக்கான ரசிகர்கள் தேவையில்லை. எது செய்தாலும் வாங்கத் தயாரான ஆயிரம் பேர், ஆண்டுக்கு ஆளுக்கு நூறு டாலர் வீதம் நேரே கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார். 2013ல் தொடங்கிய பேட்ரியான் என்ற நிறுவனம், ரசிகர்கள் மாதாமாதம் சந்தா போலக் கலைஞருக்குப் பணம் அனுப்ப வழி செய்து, அதில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொள்கிறது. நமக்கு இது புதிதல்ல. 1887ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, புத்தகம் வருமுன்பே கையொப்பம் திரட்டித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். 1959ல் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா பின்னாளில் புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார்.

ஆனால் கெல்லியின் ஆயிரம், காளஹஸ்திக்குப் பொருந்தாது. பாட்டைப் பதிவு செய்தால் ஆயிரம் பேருக்கும் அதே பாட்டு போய்ச்சேரும்; துணியோ ஒவ்வொன்றும் கையால் எழுத வேண்டியது. ஒரு பெரிய துணிக்கு இருபது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையும் பண்டிகையும் போக, ஆண்டுக்குப் பதினைந்து துணி. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வாங்கும் குடும்பங்கள் நாற்பத்தைந்து இருந்தால் ஓவியர் வேலை இல்லாமல் உட்காரவேண்டியதில்லை. நாற்பத்தைந்து குடும்பம் என்பது நம் பொங்கல் விழாவில் இரண்டு பந்தி!

இப்போது இதற்கு வசதியும் வந்துவிட்டது. 2016ல் யுபிஐ வந்த பிறகு திண்ணையில் இருந்தபடியே பணம் பெற்றுக்கொள்ளலாம். பாதி எழுதிய படத்தைக் கைபேசியில் அனுப்பிக் காட்டலாம். 2022ல் ரெயில்வே 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தைத் தொடங்கியபோது திருப்பதி நிலையத்துக்குத் தேர்ந்ததும் கலம்காரித் துணிதான். என் பழைய இலாகா செய்த நல்ல காரியங்களில் இதையும் சேர்ப்பேன்.

தொல்லை கொடுப்பது போலி. திரை அச்சில் ஒரே நாளில் நூறு துணி அடித்துக் கலம்காரி என்றே விற்கிறார்கள். கோடுகளைப் பாருங்கள்: கையால் எழுதியதில் கனம் கூடிக் குறையும், இரண்டு மயில்கள் அச்சு அசலாக ஒன்றாக இரா. துணியைத் திருப்பியும் பாருங்கள். மேலோட்டமாக அச்சடித்ததென்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும்.

திருப்பதிக்குத் தரிசனத்துக்கு வரும் உறவினர்களை நாம் காளஹஸ்திக்கும் அழைத்துப் போகிறோம். சந்நிதி முடிந்ததும் நேரே வண்டி ஏறாமல், எழுதுபவர் வீட்டுக்கே போய்ப் பேசலாம். வேண்டிய கதையைச் சொல்லி, பாதிப் பணம் முன்னால் கொடுத்து, துணி ஓரத்தில் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். தைப் பொங்கலுக்கு வேண்டுமென்றால் ஆடியிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே எதுவும் உலராது.